இருக்கைக்கு அடியில் ஒரு காவல்

அமெரிக்காவின் புறநகர்களிலும் சிற்றூர்களிலும் வீட்டைச் சுற்றிப் பரந்த புல்வெளி இருப்பது வழக்கம். கையால் தள்ளும் கருவியைக் கொண்டு அதனை வெட்டி முடிப்பது பெரும்பாடு. அத்தேவையிலிருந்து பிறந்ததே தோட்ட டிராக்டர். 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ‘கப் கேடட்’ என்னும் வண்டியையும், 1963இல் ஜான் டீர் நிறுவனம் ‘110’ என்னும் வண்டியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. வயலை உழும் டிராக்டரின் அருகில் நிறுத்தினால் இது குட்டி போலத் தோன்றும். ஆயினும் இதன் வயிற்றுக்கு அடியில் சுழலும் கத்திகள் எளியவை அல்ல. கத்தி முனையின் வேகம் நிமிடத்திற்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. அந்த வரம்பே மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது!

இத்தகைய கத்தி சுழன்றுகொண்டிருக்கும்போது, வெட்டுத்தளத்தில் சிக்கிய புல்லை நீக்குவதற்காக ஒருவர் இறங்கலாம். சரிவில் வண்டி சாய்ந்து அவர் கீழே விழவும் கூடும். அந்நேரத்தில் அவருக்காகச் செயல்படுவது, இருக்கையின் அடியில் உள்ள கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுவிட்ச். ஓட்டுநரின் எடை இருக்கையை அழுத்தும்வரை எஞ்சினை ஓட விடுவதும், எடை நீங்கியதும் நிறுத்துவதும் அதன் பணி. கையை எடுத்தால் வண்டியை நிறுத்தும் மின்தொடர் வண்டிக் கைப்பிடியின் நெருங்கிய உறவு இது எனலாம். பல வண்டிகளில் கத்தியின் இணைப்பை நீக்கி, நிறுத்தத் தடையையும் போட்டுவிட்டால், ஓட்டுநர் எழுந்தாலும் எஞ்சின் நிற்பதில்லை. மூன்று சுவிட்சுகள் தமக்குள் கலந்து முடிவெடுப்பது போன்ற ஏற்பாடு அது.

பழைய வண்டிகளில் இச்சுவிட்ச் இரு வேறு முறைகளில் இயங்குகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் அதனை மாற்ற முற்படுவது ஆபத்தானது.

முதல் முறை மேக்னெட்டோவைச் சார்ந்தது. எஞ்சினின் சுழல் சக்கரத்தில் பதித்த காந்தம் ஒரு கம்பிச்சுருளைக் கடக்கும்போதெல்லாம் தீப்பொறி பிறக்கிறது. இதற்கு மின்கலம் தேவையில்லை. எஞ்சினை நிறுத்த வேண்டுமானால், அச்சுருளின் கம்பியை வண்டியின் உலோக உடலோடு இணைத்துவிட வேண்டும். எனவே இங்கு இணைப்பு ஏற்பட்டால் எஞ்சின் நிற்கும். இணைப்பு விலகினால் ஓடும். இருக்கை காலியானதும் சுவிட்சின் தொடுமுனைகள் ஒன்றுசேர்ந்து தீப்பொறியை அணைக்கின்றன.

இரண்டாம் முறை இதற்கு நேர்மாறானது. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் இருக்கைச் சுவிட்சின் வழியாகவே பற்றவைப்புச் சுருளுக்கோ எரிபொருளைத் திறந்து மூடும் மின்வால்வுக்கோ செல்லும். ஓட்டுநர் அமர்ந்தால் பாதை இணையும், எழுந்தால் அறுபடும்.

இனி, இரண்டிலும் கம்பி அறுந்துவிட்டது எனக் கொள்வோம். இரண்டாம் முறையில் எஞ்சின் உடனே நின்றுவிடும். உரிமையாளர் எரிச்சலடைவார், ஆனால் பழுதை அறிந்துகொள்வார். முதல் முறையிலோ எஞ்சின் இனிதே ஓடிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பினால் வழக்கம்போல் நிற்கவும் செய்யும். ஐயம் கொள்ள இடமே இராது. காவல் போய்விட்டது என்பது, ஓட்டுநர் தவறி விழும் நாளில்தான் தெரியவரும். தொல்லை தரும் பழுதைக் காட்டிலும் தொல்லை தராத பழுதே இங்குக் கொடியது.

தொல்லை தரும் பழுதுக்குப் பலர் காணும் தீர்வும் கொடியதே. மழைநீரும் பனியும் இருக்கையின் கிழிசல் வழியே இறங்கிச் சுவிட்சின் முனைகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன, விற்சுருள் தளர்கிறது. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் இருமி நிற்கிறது. பொறுமை இழந்தவர் இரு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுகிறார். மேக்னெட்டோ வண்டியாயின் செருகியைப் பிடுங்கி எறிகிறார். இதனை எதிர்பார்த்த சில தயாரிப்பாளர்கள் செருகிக்குள்ளேயே சிறு உலோகத் தகட்டை வைத்தனர். செருகியைப் பிடுங்கினால் அத்தகடு முனைகளை இணைத்து எஞ்சினை நிறுத்திவிடும். மனித இயல்பை நன்கு அறிந்தவர்கள் அவர்கள்!

புதிய சுவிட்சின் விலை பெரும்பாலும் சிறிது; வேலையும் அரிதன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தடை போட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும். தீப்பொறிச் செருகியின் கம்பியையும் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆறியபின் இருக்கையை முன்புறமாக மடக்க வேண்டும். சுவிட்சைக் குற்றம் சொல்லும் முன்னர்க் கம்பியைப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் கொட்டகையில் குடியேறும் எலிகள் கம்பியைக் கடித்திருக்கலாம். இருக்கையை மடக்கி மடக்கி, உறை கெடாமலேயே உள்ளிருக்கும் செம்புக்கம்பி முறிந்திருக்கவும் கூடும்.

அடுத்து, செருகியைக் கழற்றிப் பன்மானியால் சுவிட்சின் இரு முனைகளைச் சோதிக்க வேண்டும். விரலால் அழுத்தும்போதும் விடும்போதும் தொடர்ச்சி மாற வேண்டும். எந்நிலையிலும் மாறாவிட்டால் சுவிட்ச் பழுது. அழுத்தினால் இணைவதும், அழுத்தினால் விலகுவதும் கடையில் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒரே தோற்றத்தில் கிடைப்பதுண்டு. ஆதலால் வண்டியின் மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் கொண்டு வாங்கி, பொருத்தும் முன்னர்ப் புதியதையும் பன்மானியால் சோதிப்பதே முறை. பல சுவிட்சுகள் துளைக்குள் காதுபோன்ற நீட்சிகளால் பிடித்திருக்கும். அழுத்திக் கால்வட்டம் திருப்பினால் வெளிவரும். செருகியின் முனைகளைத் துடைத்து, மின்காப்புப் பசை தடவிப் பொருத்தியபின், இருக்கையின் விற்சுருள் கம்பியை நசுக்காதபடி ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

கழற்றிய கம்பிகளை மீண்டும் இணைத்தபின், எவரும் அருகில் இல்லாத திறந்த வெளியில் சோதனை நடைபெற வேண்டும். வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை இயக்கிக் கத்தியை இணைத்து, கால்களை மிதிபலகையிலிருந்து எடுக்காமல் உடலை மட்டும் இருக்கையிலிருந்து சற்றே உயர்த்த வேண்டும். எஞ்சின் அணைந்து, சில நொடிகளில் கத்தியின் ஒலி ஓய்ந்தால் பணி முடிந்தது. எஞ்சின் தொடர்ந்து ஓடுமானால், மீண்டும் அமர்ந்து, கத்தியின் இணைப்பை நீக்கி, சாவியை அணைத்து, இருக்கையை மறுபடியும் மடக்க வேண்டியதுதான்.