சர்க்கரை இறங்கினாலும் கண்ணைக் கவனியுங்கள்!

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, உடம்பு இளைக்கும் முன்பே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்லும் ‘பைபாஸ்’ முறையில், குடல் ஹார்மோன்களின் சுரப்பு மாறுவது இதற்கு ஒரு காரணம். இன்சுலின் ஊசி குறைகிறது, மாத்திரைகள் நிற்கின்றன. ‘சுகர் போயே போச்சு’ என்ற நிம்மதியில் கண் பரிசோதனையையும் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தவே கூடாத காலம் அதுதான்.

பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஏற்கெனவே பலவீனமாக்கியிருக்கும். சில குழாய்கள் கசியும், சில அடைபடும். அடைபட்ட இடத்தில் பிராணவாயு போதாமல் புதிய குழாய்கள் முளைக்கும். எளிதில் உடையும் அவை, கண்ணுக்குள் ரத்தம் கசியவிட்டுப் பார்வையை மறைக்கும். சர்க்கரை இறங்கிய அன்றே இந்தப் பாதிப்பு ஆறிவிடாது.

முதல் வருடம் முக்கியம்

சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரை பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக அதிகரிப்பதும் உண்டு. 1993இல் வெளியான டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வில், 1,441 டைப்-1 நோயாளிகளில் தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்ற சிலருக்கு முதல் ஆண்டில் இப்படி நேர்ந்தது. ஆனால், தொடக்கத்தில் பாதிப்பே இல்லாதவர்களுக்கு அது உருவாகும் அபாயத்தை அதே சிகிச்சை 76 சதவீதம் குறைத்தது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலரிடம் விழித்திரை பாதிப்பு தொடக்கத்தில் இப்படி அதிகரிப்பது காணப்படுகிறது. ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருந்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரை திடீரென வெகுவாகக் குறைபவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இதற்காக அறுவை சிகிச்சைக்கே அஞ்ச வேண்டாம். ஸ்வீடனின் எஸ்.ஓ.எஸ். என்ற உடல்பருமன் ஆய்வில் 15 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடரப்பட்ட சர்க்கரை நோயாளிகளில், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன.

என்ன செய்ய வேண்டும்?

அறுவை சிகிச்சைக்கு முன்பே, சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அன்று வண்டி ஓட்ட முடியாது; துணைக்கு ஒருவர் வரட்டும். புதிய குழாய்களோ விழித்திரை மையத்தில் நீர்க்கோப்போ தெரிந்தால், லேசர் அல்லது ஊசி சிகிச்சையை முதலில் முடிப்பது நல்லது. பாதிப்பு உள்ளவர்கள் முதல் வருடத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் கண் பரிசோதனை தொடர வேண்டும் என்பதே 2021இல் சர்வதேச நிபுணர்கள் எடுத்த கூட்டு முடிவு.

சர்க்கரை மாறும் வாரங்களில் கண்ணாடியின் பவரும் மாறக்கூடும். நிலைப்பட்ட பிறகு புதுக் கண்ணாடி வாங்கலாம். ஆனால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படக்கூடிய சத்துக்குறைவும் கண்ணைத் தாக்கும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரலாம். தொடர் வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிந்தால் வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். அது அவசரச் சிகிச்சைக்குரியது. சத்து மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர், சர்க்கரை மருத்துவர், கண் மருத்துவர் மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் இருப்பார்கள். மூவரின் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்து, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே கண் பரிசோதனைக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.