வாடகைக்கு அரசு உதவி: யாருக்குக் கிடைக்கிறது?

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வருகிறவருக்கு எப்படியும் ஒரு வேலை கிடைத்துவிடும். தலை சாய்க்க ஓர் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிய கையோடு அதில் ஒரு பெரும் பங்கை வீட்டுக்காரரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அரிசிக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஏழைக் குடித்தனக்காரர்களின் வாடகைச் சுமையைக் குறைக்க அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலவிதமாகச் செய்து வந்திருக்கிறது. அந்த உதவி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

1940-ம் ஆண்டு வாடகை

முதல் உலகப்போர் நடந்த 1918-ம் ஆண்டில் பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு கொண்டு வரப்பட்டது. மில்களுக்கு ஆட்கள் வந்து குவிந்த காலம் அது. வீடுகள் போதவில்லை. வீட்டுக்காரர்கள் இஷ்டம் போல் வாடகையை ஏற்றினார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, 1947-ல், பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. 1940-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றது சட்டம். அதற்குப் பிறகு கட்டிய வீடாக இருந்தால், முதன்முதலில் பேசிய வாடகையே கணக்கு.

இதுவும் ஒரு வாடகை உதவிதான். ஆனால் அரசாங்கத்தின் கஜானாவில் இருந்து ஒரு காசும் போகவில்லை. முழுச் செலவும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

விலைவாசி பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறியது. வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த பழைய 'சால்' கட்டிடங்களில், ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கும் பணத்துக்கு ஒரு மாதம் குடியிருக்க முடிந்தது.

கட்டுபடியாகாத வீட்டுக்காரர்கள் ரிப்பேர் செய்வதை நிறுத்தினார்கள். மழைக்காலம் வந்தால் கட்டிடங்கள் சரிந்தன. ஆட்கள் செத்தார்கள். அதற்காகவே 1969-ல் மராட்டிய அரசு தனிச் சட்டம் போட்டு, பழைய கட்டிடங்களுக்கு வரி வசூலித்து, ரிப்பேர் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. புதிதாக வாடகைக்கு வீடு கட்ட யாரும் முன்வரவில்லை. இருக்கிற அறையைக் காலி செய்பவர், அடுத்து வருபவரிடம் 'பகடி' என்று ஒரு பெருந்தொகை வாங்கிக்கொண்டார். அதில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. பகடி கொடுக்க வசதி இல்லாதவர்கள், அதாவது புதிதாக ரெயிலை விட்டு இறங்கியவர்கள், குடிசைப் பகுதிகளைத் தேடிப் போனார்கள்.

1940-களில் ரசீது வாங்கியவரின் பேரனுக்கும் மலிவு வாடகை கிடைத்தது. பின்னால் வந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பழைய தேதியிலேயே வாடகையை நிறுத்தி வைப்பது நியாயம் அல்ல என்று 1997-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதன் பிறகு வந்த மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் வாடகையை உயர்த்த அது இடம் கொடுத்தது. பகடியையும் சட்டப்படி செல்லும் என்று ஆக்கிவிட்டது.

வரிச் சலுகை

அடுத்தது, ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வீட்டு வாடகைப்படி. அதற்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் சலுகை உண்டு. வாங்கிய படி, கொடுத்த வாடகையில் இருந்து சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது, மும்பையாக இருந்தால் சம்பளத்தில் பாதி ஆகிய மூன்றில் எது குறைவோ, அந்தத் தொகைக்கு வரி இல்லை.

ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய். வாடகைப்படி 9 ஆயிரம். அவர் கொடுக்கும் வாடகை 10 ஆயிரம். மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 7 ஆயிரம் ரூபாய்க்கு வரி விலக்கு. ஆண்டுக்கு 84 ஆயிரம். கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது.

ஆனால் அவருடைய ஆண்டு வருமானமே 4 லட்சத்து 68 ஆயிரம்தான். பழைய வரி முறையில் 5 லட்சம் வரை தள்ளுபடி போக வரி இல்லை. புதிய முறையில் 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை வரி இல்லை. எந்த முறையிலும் வரி கட்டாத மனிதருக்கு வரி விலக்கு கொடுத்து என்ன பயன்? அவருக்கு இதனால் ஒரு ரூபாயும் மிச்சம் இல்லை.

அதே ஆபீசில் மாதம் 2 லட்சம் சம்பளம் வாங்கும் மேலதிகாரி பழைய முறையில் வரி கட்டினால், அவருக்கு நல்ல தொகை மிச்சமாகும். அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் இந்த வரிப் பணமும் வாடகை உதவிதானே? அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

பலருக்குத் தெரியாத சட்டம்

மராட்டிய மாநிலத்தில் 1983-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச வீட்டு வாடகைப்படி கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சம்பளத்தில் 5 சதவீதம் அல்லது 20 ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்று வகுத்தார்கள்.

15 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு 5 சதவீதம் என்றால் 750 ரூபாய். இன்றைய மும்பையில் இதைக் கொண்டு ஒரு வாரம் கூட குடியிருக்க முடியாது. ஆனாலும் வர வேண்டிய பணம் வர வேண்டியதுதான். சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. சம்பளச் சீட்டே கொடுக்காத பட்டறைகளில், ஐந்து பேரும் பத்து பேரும் வேலை செய்யும் தையல் கூடங்களில், இந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை.

டெல்லியில் ஒரு வாக்குறுதி

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக நாடே அடைக்கப்பட்டது. வேலை போயிற்று, வாடகை மட்டும் நிற்கவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்று மார்ச் 29-ந் தேதி மத்திய அரசு உத்தரவு போட்டது. மூன்று மாதமாவது வாடகையைத் தள்ளி வாங்குங்கள், அதுவரை யாரையும் வெளியேற்றாதீர்கள் என்று ஏப்ரல் மாதம் மராட்டிய அரசு வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

டெல்லியில் ஒரு படி மேலே போனார்கள். அப்போதைய முதல்-மந்திரி அரவிந்த் கெஜ்ரிவால், ஏழ்மையால் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்காக அரசே கொடுக்கும் என்று அதே மார்ச் 29-ந் தேதி நிருபர்கள் கூட்டத்தில் அறிவித்தார். ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டியவர்களில் சிலராவது இந்தப் பேச்சை நம்பித் தங்கியிருப்பார்கள்.

பணம் வரவில்லை. கூலித் தொழிலாளர்கள் சிலர் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார்கள். முதல்-மந்திரி கொடுத்த வாக்குறுதி வெறும் பேச்சு அல்ல, அது அரசைக் கட்டுப்படுத்தும். ஆறு வாரத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று 2021 ஜூலை 22-ந் தேதி நீதிபதி பிரதீபா சிங் தீர்ப்பு அளித்தார். டெல்லி அரசு அப்பீல் செய்தது. அது வாக்குறுதியே அல்ல என்று வாதாடியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்புக்குத் தடை விதித்தது. சொன்னது அரசு, நம்பியது ஏழை. அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு வக்கீல் வைத்து வாதாடுவது எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

நாட்டின் நகரங்களில் ஒரு கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று 2012-ல் மத்திய அரசு நியமித்த நிபுணர் குழு கணக்கிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வேண்டியவை. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அதே நகரங்களில் ஒரு கோடியே 10 லட்சம் வீடுகள் ஆள் இல்லாமல் காலியாக இருந்தன. விந்தைதான்.

அரசுப் பணத்தில் ஏழைகளுக்காகக் கட்டிய வீடுகளும் இப்படிப் பூட்டிக் கிடந்தன. அவற்றைக் குறைந்த வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2020 ஜூலையில் கொண்டு வந்தது. ஊர் ஊராக வந்த தொழிலாளர்களை மனதில் வைத்தே அது தீட்டப்பட்டது. நல்ல யோசனை. ஆனால் காலியாகக் கிடந்த 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில், சண்டிகார், சூரத், ஆமதாபாத், ராஜ்கோட், ஜம்மு ஆகிய ஊர்களில் ஐயாயிரத்துச் சொச்சம் வீடுகளே வாடகை வீடுகளாக மாறின. பட்டியலில் மும்பை இல்லை.

சீட்டு இருந்தால்தான்

மும்பையில் இன்று ரொக்கமாக வாடகை உதவி கிடைப்பது, கட்டிடம் இடித்துப் புதிதாகக் கட்டும் இடங்களில்தான். ஒர்லி முதலிய இடங்களில் உள்ள பி.டி.டி. சால்களை வீட்டு வசதி வாரியமான 'மாடா' இடித்துக் கட்டும்போது, வெளியே குடியிருக்கப் போன குடும்பத்துக்கு மாதம் 25 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. குடிசை மாற்றுத் திட்டங்களில் கட்டிட காண்டிராக்டர் கொடுக்க வேண்டும். பல காண்டிராக்டர்கள் பாதியில் நிறுத்திவிட்டதால், இரண்டு ஆண்டு வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்லி 2023-ல் விதி வந்தது.

இந்தப் பணம் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு வரும். அவர் அறையில் வாடகைக்கு இருந்தவருக்கு வராது. பல நூறு குடும்பங்கள் கையில் பணத்தோடு ஒரே நேரத்தில் அக்கம்பக்கத்தில் வீடு தேடினால் வாடகை ஏறும். பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்த ஏறிய வாடகையையும் கொடுக்க வேண்டும்.

தாராவி திட்டத்தில், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வேறு இடத்தில் வாடகை வீடு தரலாம் என்று 2024-ல் அரசு ஒப்புக்கொண்டது பெரிய மாற்றம்தான். ஆனால் 2022 நவம்பர் 15-ந் தேதிக்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஊர்க்காரர், தெரிந்தவர், அண்ணாச்சி என்று வாய்ப்பேச்சில் வாடகை பேசி, ரொக்கமாகக் கொடுத்து, ரசீது கேட்கக் கூச்சப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஓட்டிவிடுகிறார்கள். கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

சட்டம் என்னவோ குடித்தனக்காரர் பக்கமே பேசுகிறது. பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்யாவிட்டால், தகராறு வரும்போது குடித்தனக்காரர் சொல்லும் நிபந்தனையே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கும் வாடகைக்கு எழுத்தில் ரசீது தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது.

ரசீது தர மறுக்கும் வீட்டுக்காரருக்கு வாடகையை பாங்கி மூலமோ, செல்போன் வழியாகவோ அனுப்பலாம். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு அது கணக்கில் நிற்கும்.

மும்பையில் வாடகை வழக்குகளை விசாரிப்பது தோபி தலாவில் உள்ள சிறுவழக்கு கோர்ட்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தின் ஆபீசில் மனு கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்துவார்கள்.