பினாங்கில் இறங்கிய சின்ன மருது மகன்

கெடாவின் கோலா கெத்தில் வட்டாரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் வம்சக் கதை பினாங்குத் துறைமுகத்தில்தான் ஆரம்பிக்கும். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார், பினாங்கில் இறங்கினார், கங்காணி கூட்டிவந்து பால்மரக் காட்டில் விட்டார். அதற்கு முந்திய கதையைக் கேட்டால் ஒரே தாவலாக ராஜேந்திர சோழனிடமும் கடாரத்திடமும் போய்விடுவோம். நடுவில் சுமார் தொள்ளாயிரம் ஆண்டு கிடக்கிறது. அதில் மரைக்காயர்களும் செட்டியார்களும் வந்து கடை போட்டார்கள், பள்ளிவாசலும் கோயிலும் கட்டினார்கள். அவர்களுக்கிடையே, வியாபாரத்துக்கும் வராமல் கூலிக்கும் வராமல், கைவிலங்கோடு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அதை நம் வீட்டுக் கதைகள் சொல்வதில்லை.

1801-இல் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள் கும்பினியை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்து நின்றார்கள். அந்த ஜூன் 16-ஆம் தேதி திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் அவர்கள் ஒட்டவைத்த பிரகடனம், எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர்ந்து ஐரோப்பியரை விரட்ட வேண்டும் என்று அழைத்தது. அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். ஆண் வாரிசுகளில் பலரையும் கூடச் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். மிஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவன். வயது சுமார் பதினைந்து.

அவர்கள் வந்து இறங்கிய பினாங்கு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்த தீவு. சயாம் படையெடுத்து வந்தால் ஆங்கிலேயர் காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தான் சுல்தான் இடம் கொடுத்தார். 1786-இல் கும்பினி சார்பில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றினார். காப்பாற்றும் வாக்கு மட்டும் காற்றோடு போயிற்று. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தமிழ்ப் பேச்சு கேட்கும் தெருக்கள் இருந்தன. துரைசாமி கூட்டத்துக்கு அது ஆறுதலாக இருந்ததா, வேதனையைக் கூட்டியதா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடைத்தெருவில் சொந்த மொழி கேட்கும், ஆனால் ஊர் திரும்ப வழி கிடையாது.

துறைமுகத்தை ஒட்டி நின்ற கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் பெயர். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த அதே கார்ன்வாலிஸ்தான் 1798-இல் அயர்லாந்துக்கு வைசிராயாகப் போய், அங்கே வெடித்த ஐக்கிய ஐரிஷ்காரர்களின் கலகத்தை அடக்கி முடித்தார். பினாங்குக் கோட்டை முதலில் நிபோங் மரக்கட்டைகளால் ஆனது. பின்னர் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டியபோது உழைத்தவர்களில் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பீரங்கிமேல் சாய்ந்து படம் பிடித்துக்கொள்ளும் சுவர்கள் அவைதான்.

ஐரிஷ் கலகக்காரர்களின் கதை இங்கேதான் நம் கதைக்கு உறவாகிறது. விக்லோ மலையில் ஐந்து ஆண்டு ஒளிந்து போராடிய மைக்கேல் ட்வையர் 1803 கடைசியில் சரணடைந்தார். 1806-இல் அவரை சிட்னிக்குக் கொண்டுவந்து இறக்கிய கப்பலின் பெயர் டெலிச்சேரி. மலபார்க் கரைத் தலச்சேரியைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். அவருக்கு நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. ஆனாலும் கவர்னர் பிளை சந்தேகப்பட்டு அவரை நார்ஃபோக் தீவுக்குத் துரத்தினார். பிறகு சிட்னி அருகே லிவர்பூல் என்ற சிற்றூரில் கான்ஸ்டபிள் வேலை, குடி, வேலைபோதல், கடன், சிறை. 1825-இல் இறந்தார். வீரக் கதைக்கு ஏற்ற முடிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐரிஷ்காரர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1898-இல், கலகத்தின் நூறாம் ஆண்டில், அவர் எலும்பையும் மனைவி மேரியின் எலும்பையும் எடுத்து, சிட்னி வீதிகளில் பெருங்கூட்டம் சூழ ஊர்வலமாகக் கொண்டுபோய், கடலைப் பார்த்த வேவர்லி இடுகாட்டில் வைத்தார்கள். ஊர்க்காசில் வெள்ளைச் சலவைக்கல்லால் உயரமான சிலுவை எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஈஸ்டர் நாளில் இன்றும் அங்கே கூடுகிறார்கள்.

துரைசாமிக்கு வருவோம். அவரைப் பற்றி மனதில் நிற்கும் சாட்சி அவரைக் காவல் காத்த வெள்ளைக்காரனிடமிருந்தே கிடைக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, இளவயதில் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்டவர். போர் வந்ததும் எதிர் அணியில் நின்றார், தூத்துக்குடியில் கைதிகளுக்கும் அவரே காவல். பையனின் விலங்கை மட்டும் தளர்த்திவைத்தாராம். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். தளர்ந்துபோன கிழவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யார் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னார்: துரைசாமி. அப்போது அவருக்கு முப்பதைச் சற்றே தாண்டிய வயது. வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுநூலில் இதை எழுதும்போது தன் நெஞ்சு பட்ட பாட்டையும் மறைக்கவில்லை. வெல்ஷை மன்னிக்கலாமா என்பது வேறு பேச்சு. எழுதிவைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சந்திப்புக்கு மூன்று ஆண்டு கழித்து சயாம் கெடாவைத் தாக்கியது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்கே தஞ்சம் புக நேர்ந்தது. காப்பாற்றுவேன் என்றவர்கள் அவரைத் தங்கள் நிழலில் வைத்துக்கொண்டார்களே தவிர, நாட்டை மீட்டுத்தரவில்லை. 1842-இல்தான் அவர் அரியணைக்குத் திரும்பினார். கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்கும் இந்த மண்ணின் ராஜாவும் சிவகங்கைப் பாளையத்து மகனும் நாடிழந்து ஒரே தீவுக்கு வந்து சேர்ந்தவர்கள் என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று தமிழ்நாட்டில் மருதுபாண்டியர் பெயர் ஓங்கிவிட்டது. 1959-இல் கண்ணதாசன் ‘சிவகங்கைச் சீமை’ படம் எடுத்தார். 2004-இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. தலைகள் புதைந்த காளையார்கோவிலில் அக்டோபர் மாதம் கூட்டம் தாளாமல் போலீஸ் பந்தோபஸ்து போடுகிறார்கள். சாதி நிழல் அந்தக் கூட்டத்தின்மேல் விழுவதை நான் விரும்பவில்லை. எல்லாச் சாதியையும் கூப்பிட்ட பிரகடனத்துக்கு அது பொருந்தவில்லை. எப்படியிருந்தாலும், செத்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு. பினாங்குப் பக்கம் வந்தவர்களுக்கு இல்லை. ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் ஈழத்தலரி மர நிழலில் பிரான்சிஸ் லைட்டின் கல்லறையைக் கண்டேன். கார்ன்வாலிஸ் கங்கைக்கரை காஜிப்பூரில் பெரிய மண்டபத்தின்கீழ் படுத்திருக்கிறார், இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. அட்மிரல் நெல்சனில் வந்தவர்களின் பெயர் சொல்லும் ஒரு கல்லைத் தேடித் தீவைச் சுற்றிவந்தேன், என் கண்ணில் படவில்லை.

கல் இல்லாத சாவு எங்களுக்கு வாடிக்கைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டங்கள் கைமாறின, துண்டாகின. லயங்கள் இடிந்தன. பழைய தோட்டத்து இடுகாடுகள் சில இப்போது செம்பனை வரிசைக்குள். என் பாட்டியின் மேடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள். கூலியாக வந்தவர்களை மறந்த பழக்கத்தில் கலகக்காரர்களையும் மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

ட்வையர் இறந்து 73 ஆண்டு கழித்துத்தான் ஐரிஷ்காரர்கள் விழித்தார்கள். நமக்கு 220 ஆண்டு கடந்துவிட்டது. நாடு கடத்தப்பட்டவர்களின் பெயர்கள் கும்பினி ஏடுகளில் இருக்கின்றன. பினாங்குக் கோட்டை வாசலருகே அந்தப் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் பொறித்து ஒரு கல் நடலாம். பெரிய செலவில்லை. பினாங்குத் தமிழ் அமைப்புகள் மாநில அரசிடம் மனு எழுதட்டும். கெடாத் தோட்டத்து மக்கள் கையெழுத்துப் போட இருக்கிறோம்.