நிறம் எழுதும் தீர்ப்பு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் மொழி. இளமை திருந்தும் பருவம். ஆகவே பிழை செய்த சிறாரை ஒறுப்பதினும் திருத்துவதே முறை என்னும் எண்ணத்தில், 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது. அந்நாட்டில் அக்கருணை எல்லா நிறத்தார்க்கும் ஒன்றுபோல் கிட்டியதா என்பதை ஈண்டு நோக்குவோம்.

1944ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில், ஜார்ஜ் ஸ்டின்னி என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையினச் சிறுமியர் இருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, 10 நிமிடங்களில் அவனைக் குற்றவாளி என்றது. கைதாகி மூன்று திங்கள் நிறையுமுன் மின்நாற்காலியில் அவன் உயிர் பறிக்கப்பட்டது. அத்தீர்ப்பு செல்லாதென நீதிமன்றம் அறிவித்தது 2014ஆம் ஆண்டில்! எழுபது ஆண்டுகள் கடந்து வந்த நீதி அவனுக்கு என்ன பயன் தந்தது?

18 வயதுக்குட்பட்ட பருவத்தில் செய்த குற்றத்திற்கு மரண தண்டனை கூடாதென 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வேற்றுமை ஓசையின்றித் தொடர்கிறது. கறுப்பினச் சிறுவன் கைதாகும் வாய்ப்பு மிகுதி. எச்சரித்து விடுவிக்கப்படும் வாய்ப்பு குறைவு. விசாரணைக்கு முன்னரே காவலில் வைக்கப்படுவதும், வயது வந்தோர்க்கான நீதிமன்றத்திற்கு மாற்றப்படுவதும் அவனுக்கே மிகுதி. ஒவ்வொரு படியிலும் சிறிதாகத் தோன்றும் வேற்றுமை, இறுதிப் படியில் மலையாகி நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் அங்குக் காப்பிடங்களில் அடைபட்டிருந்த சிறார் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2021இல் அத்தொகை ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்தது. மகிழத்தக்கதே. எனினும் அவ்வாண்டிலும் கறுப்பினச் சிறார் அடைபடும் விகிதம், வெள்ளையினச் சிறாரினும் ஏறத்தாழ ஐந்து மடங்காகவே இருந்தது. கதவு திறந்தது, எல்லார்க்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை.

காரணங்கள் பல. வறுமை ஒன்று, காவலரின் கண்காணிப்பு மிகுந்த குடியிருப்பு மற்றொன்று. எல்லாவற்றினும் ஆழமானது பார்வை. கறுப்பினச் சிறுவரை அவர்தம் வயதினும் மூத்தவராகவே பிறர் மதிப்பிடுகின்றனர் என்பதை 2014இல் வெளிவந்த உளவியல் ஆய்வொன்று காட்டியது. குழந்தையைக் குழந்தையாகக் காணாத கண்ணில் இரக்கம் எங்ஙனம் பிறக்கும்? இவ்வேற்றுமையைக் களைய முயலுமாறு கூட்டரசுச் சட்டம் 1988 முதல் மாநிலங்களைப் பணித்து வருகிறது. சட்டம் திருத்துதல் எளிது; பார்வை திருந்துதல் அரிது.

அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் காவலர் உளர். ஆசிரியர் கண்டித்துத் தீர்க்கவேண்டிய குறும்பு, அங்கு வழக்காகி விடுவதுண்டு. மாணவர் முன் நாள்தோறும் நிற்கும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. ஒரே பிழையை இருவர் செய்தால், ஒருவன் செயலைக் குறும்பென்றும் மற்றவன் செயலைக் குற்றமென்றும் நம் நா கூறுமாயின், தீர்ப்பு வகுப்பறையிலேயே எழுதப்பட்டு விடுகிறது.