போலீசார் குடியேறிய 'தலைவெட்டிக் கோயில்'!
மாத வாடகை 90 ரூபாய்தான்!!

பாலவாக்கத்தில் பஸ் ஏறி மெரினா வழியாகப் பட்டணம் போகிறவர்கள் தினமும் பார்ப்பதுதான், வெள்ளைத் தூண்களோடு நிற்கும் போலீஸ் டி.ஜி.பி. அலுவலகம். ஆனால் அது போலீசுக்காகக் கட்டியதே அல்ல!

1839-ல் அதைக் கட்டியவர்கள் 'பெர்பெக்ட் யூனானிமிட்டி' லாட்ஜைச் சேர்ந்த பிரீமேசன்கள். (லாட்ஜ் என்றதும் திருவல்லிக்கேணி ரூம் ஞாபகம் வேண்டாம், மேசன் சங்கக் கிளைக்கு அதுதான் பெயர்.) கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்வார்கள். வெளியாள் எட்டிப்பார்க்க முடியாது. "உள்ளே என்னதான் நடக்குது?" விடை கிடைக்காத சென்னைவாசிகள், மேசன் லாட்ஜுக்கு 'தலைவெட்டிக் கோயில்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்!

1865-ல் போலீஸ் இலாகா இந்தக் கட்டிடத்தை மாதம் 90 ரூபாய்க்கு வாடகைக்குப் பிடித்தது. 1874-ல் 20 ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டது. அப்புறம் வந்தது ஆபத்து. 1993-ல் இதை இடிக்க ஏற்பாடானது. பழங்கட்டிடங்களைக் காக்கும் 'இன்டாக்' அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. இடிப்பு நின்றது!

மேசன்களுக்கு எழும்பூரில் தனி ஹால் இருக்கிறது. சடங்கு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து விருந்து. தர்ம காரியங்களுக்கு வசூல். பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் லாட்ஜ் கூட்டத்தில் மதமும் அரசியலும் மட்டும் பேசவே கூடாது!