மாம்பழமும் நம்பிக்கையும்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகையில் மகளின் பெட்டியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டை வைத்தேன். அவள் எடுத்துவிட்டாள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவள், அந்நாட்டின் 'குளோபல் என்ட்றி' திட்டத்தின் உறுப்பினர். 2008ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்திற் சேர்வோர் கைவிரல் அடையாளம் கொடுத்து, அதிகாரியின் நேர்முக விசாரணைக்கும் உட்படுவர். ஐந்தாண்டுக்குக் கட்டணம் 120 டொலர். அங்கு சென்றிறங்கியதும் இயந்திரம் முகத்தைப் படம்பிடிக்கும். நீண்ட வரிசையில் நிற்கவேண்டியதில்லை. ஆனால், சுங்கத்தில் அறிவிக்காத ஒரு பழம் அகப்பட்டாலும் அவ்வுரிமை பறிபோகலாம். உறுப்பினரல்லாத துணைவருக்கும் அச்சலுகை இல்லை.

அவள் முன்னே சென்றாள். நான் வரிசையில் நின்றேன். அரசு நம்புவது மனிதனின் குணத்தையன்று, ஆராய்ந்தறிந்த பதிவையே என எண்ணிக்கொண்டேன். ஒருமணி நேரத்தின் பின் நான் வந்தபோது, என் பெட்டியையும் இறக்கிவைத்துக் காத்திருந்தாள். விரைந்து சென்றவளும் வரிசையில் நின்றவனும் ஒரே வேளையிலேயே வீடு சேர்ந்தோம்.