நிற்கும் படமும் நடக்கும் படமும்

உலகில் காணப்படும் பொருள்கள் இடையறாது மாறிக்கொண்டே இருக்கின்றன. காலையில் மலர்ந்த பூ மாலையில் வாடுகின்றது. நேற்றுத் தவழ்ந்த குழந்தை இன்று நடக்கின்றது. இவ்வாறு கண்முன் கடந்து செல்லும் காட்சியைப் பிடித்து வைத்துப் பின்னும் காண வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு. அவ்வேட்கை இருவகைப்படும். ஓடுவதை நிறுத்திப் பார்க்க விரும்புவது ஒன்று. ஓடுவதை ஓடியவாறே மீண்டும் பார்க்க விரும்புவது மற்றொன்று. முன்னதன் பயன் நிழற்படம். பின்னதன் பயன் இயங்குபடம். வீடியோ என்று நாம் வழங்குவது இவ்வியங்குபடத்தையே.

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பெயர்ச்சொல் ஒரு பொருளைச் சுட்டி நிற்கும்; காலம் காட்டாது. வினைச்சொல் தொழிலை உணர்த்திக் காலம் காட்டும். ‘குதிரை’ என்பது பெயர். ‘ஓடியது’ என்பது வினை. நிழற்படம் பெயரைப் போன்றது; இயங்குபடம் வினையைப் போன்றது. இன்று நம் கையிலுள்ள செல்பேசியின் காமிராச் செயலி இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்க முயல்கின்றது. அவ்விணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் விளையும் நன்மை யாது, அதனைக் கையாள்வோர் கருத வேண்டியது யாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

நிழற்படக் கலை தோன்றிய நாளில் ஒரு படம் எடுப்பதற்கு நெடுநேரம் தேவைப்பட்டது. பிரான்சு நாட்டினராகிய நியெப்சு என்பார் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில், தம் வீட்டுப் பலகணியின் வழியே தெரிந்த காட்சியைப் பல மணி நேரம் ஒளியேற்றிப் படமாக்கினார். பின்னர், அவருடன் சேர்ந்து ஆராய்ந்த தாகேர் என்பார், அந்நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தார். 1838-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த அத்தெரு, படத்தில் வெறுந்தெருவாகக் காட்சி அளித்தது! ஓடிய வண்டியும் நடந்த மனிதரும் ஓரிடத்தில் நில்லாமையால் அவர்களுடைய உருவம் தகட்டில் பதியவில்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவருடைய உருவமே தெளிவாகப் பதிந்தது. நின்றவரைக் கண்டது காமிரா; நடந்தவரை அது காணவே இல்லை.

ஒளியை விரைந்து ஏற்கும் பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் இந்நிலை மாறியது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவது உண்டோ என்னும் ஐயம் அந்நாளில் பலர்க்கும் இருந்தது. கலிபோர்னியாவில் வாழ்ந்த செல்வராகிய லேலண்ட் ஸ்டான்போர்டு என்பவரின் ஆதரவுடன் மைபிரிட்ஜ் என்னும் படக்கலைஞர் 1878-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தார். குதிரை ஓடும் பாதையின் ஓரமாகப் பல காமிராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை கடந்து செல்லுந்தோறும் ஒவ்வொன்றும் தானே இயங்குமாறு அமைத்தார். படங்களைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்டு. ஆயின், ஓவியர் பலர் வரைந்தது போல முன்கால்களும் பின்கால்களும் நீண்டு விரிந்த நிலையில் அன்று. நான்கும் வயிற்றின் கீழ் ஒடுங்கிய நிலையிலேயே அவை தரையை விட்டு நீங்கின. கண் காணாததை நிழற்படம் காட்டிற்று.

மைபிரிட்ஜின் படங்களை அடுத்தடுத்து விரைவாகக் காட்டியபோது குதிரை மீண்டும் ஓடுவதுபோல் தோன்றியது. 1882-ஆம் ஆண்டில் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர், துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்து, பறக்கும் பறவையை ஒரு நொடிக்கு 12 படங்களாகப் பதிவு செய்தார். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசில் லூமியேர் உடன்பிறந்தார் இயங்குபடங்களைக் கட்டணம் பெற்றுப் பலர் முன்னிலையில் காட்டினர். அவர்களுடைய கருவி நொடிக்கு ஏறத்தாழ 16 படங்களைப் பதிவு செய்தது. இவற்றால், இயங்குபடம் என்பது நிழற்படத்தின் வேறானது அன்று, நிழற்படங்களின் வரிசையே என்பது பெறப்படும். தனித்தனி மலர் தொடுக்கப்பட்டு மாலையாவது போலத் தனித்தனிப் படம் அடுக்கப்பட்டு இயக்கமாகின்றது.

பிறப்பால் ஒன்றாயினும், இருபதாம் நூற்றாண்டில் இரண்டும் வெவ்வேறு கருவிகளாகப் பிரிந்து வளர்ந்தன. நிழற்படம் எடுப்போர் ஒரு காமிராவையும், இயங்குபடம் எடுப்போர் வேறொரு காமிராவையும் கையாண்டனர். செல்பேசியில் இவை மீண்டும் ஓரிடத்தில் கூடத் தலைப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட செல்பேசியின் காமிரா 1,10,000 புள்ளிகளால் ஆன சிறு நிழற்படங்களை எடுத்தது. 2007-ஆம் ஆண்டில் வந்த முதல் ஐபோனும் நிழற்படம் மட்டுமே எடுக்கும். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோனே இயங்குபடத்தையும் எடுத்தது.

இருப்பினும், ஒரே வீட்டில் சுவரால் பிரிக்கப்பட்ட இரண்டு அறைகளைப் போலவே அவை செயலியில் அமைந்திருந்தன. பள்ளி விளையாட்டு விழாவில் மாணவன் ஒருவன் நீளம் தாண்ட ஓடி வருகின்றான் எனக் கொள்வோம். நாம் நிழற்படம் எடுக்கச் செயலியைத் திறந்து வைத்திருக்கின்றோம். அவன் ஓடி வரும் அழகைக் கண்டதும் இயங்குபடமாகப் பதிய விரும்புகின்றோம். செயலியை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாற்றி, அது ஆயத்தமாவதற்குள் அவன் மணலில் குதித்து எழுந்தே போய்விடுவான். காட்சி நமக்காகக் காத்திராது அன்றோ? இக்குறையை நீக்கவே இரண்டையும் இணைக்கும் முறைகள் தோன்றின. அவற்றுள் இரண்டு முறைகள் சிறந்தவை.

முதல் முறை, ஒரே பொத்தானை இரு பொருள்படப் பயன்படுத்துவது. விரலால் தொட்டு உடனே எடுத்தால் நிழற்படம்; விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இயங்குபடம். 2019-ஆம் ஆண்டில் வந்த ஐபோனில் இம்முறை இடம்பெற்றது. விரல் திரையில் எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதைச் செயலி அளந்து, அதற்கேற்பப் பணியைத் தேர்ந்துகொள்கின்றது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை எனக் கால அளவால் எழுத்தைப் பிரித்த நமக்கு இது புதுமை அன்று. ஒரே ஒலி குறுகினால் குறில், நீண்டால் நெடில் ஆவது போல, ஒரே தொடுகை குறுகினால் நிழற்படம், நீண்டால் இயங்குபடம் ஆகின்றது.

இரண்டாம் முறை இன்னும் வியப்புக்குரியது. பொத்தானைத் தொடுவதற்கு முன் நிகழ்ந்ததையும் அது பதிவு செய்து தருகின்றது. தொடுவதற்கு முன் நிகழ்ந்ததைக் கருவி எவ்வாறு அறியும்? செயலியைத் திறந்தவுடன் எதிரேயுள்ள காட்சி திரையில் தோன்றுகின்றது. அவ்வாறு தோன்றுமாயின், காமிரா அப்பொழுதே காட்சியை இடைவிடாது ஏற்றுக்கொண்டிருக்கின்றது என்பது பொருள். ஒரு நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்க. வாய்க்கால் வழியாகப் புதுநீர் வந்துகொண்டே இருக்கின்றது; மடை வழியாகப் பழைய நீர் போய்க்கொண்டே இருக்கின்றது. எந்நேரத்தில் பார்த்தாலும் சற்றுமுன் வந்த நீரே தொட்டியில் இருக்கும். செல்பேசியின் நினைவகத்தில் ஒரு பகுதி இத்தொட்டியைப் போன்றது. கடந்த ஓரிரு நொடிகளின் படங்கள் மட்டுமே அதில் தங்கும். அவற்றின் முற்பட்டவை அழிந்துகொண்டே இருக்கும். நாம் பொத்தானைத் தொட்டவுடன் செயலி மடையை அடைத்துவிடுகின்றது. தங்கியிருந்த படங்களுடன் பின்வரும் சிறிது நேரத்துப் படங்களும் சேர்ந்து ஒரு சிறு இயங்குபடமாகின்றன. 2013-ஆம் ஆண்டில் எச்.டி.சி. நிறுவனம், நிழற்படங்களுடன் மூன்று நொடி இயங்குபடத்தையும் சேர்த்து எடுக்கும் வசதியைத் தன் செல்பேசியில் அமைத்தது. 2015-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம், தொடுவதற்கு முன் ஒன்றரை நொடியும் பின் ஒன்றரை நொடியும் ஒலியுடன் பதியும் ‘லைவ் போட்டோ’ என்னும் வசதியை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் பிக்சல் செல்பேசியிலும் இத்தகைய வசதி வந்தது.

எல்லாவற்றையும் இயங்குபடமாகவே எடுத்து, வேண்டிய படத்தை அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்வாறு செய்வதற்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது அளவு பற்றியது. அகலத்தில் 4,032 புள்ளிகளும் உயரத்தில் 3,024 புள்ளிகளும் கொண்ட நிழற்படத்தில் 1 கோடியே 21 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. பலரும் எடுக்கும் இயங்குபடமோ 1,920 புள்ளி அகலமும் 1,080 புள்ளி உயரமும் உடையது. அதன் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகளே உள்ளன. முன்னதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே இது. நிழற்படத்தின் அளவிலேயே நொடிக்கு 30 படங்கள் வீதம் எடுப்பதாயின், ஒவ்வொரு நொடியிலும் 36 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கருவி கையாள வேண்டும். அதனால் கருவி சூடேறும். மின்கலம் விரைவில் தீரும். சேமிக்கும் இடமும் நிரம்பும்.

இரண்டாவது தடை காலம் பற்றியது, இதுவே நுட்பமானது. ஓடுபவன் வீசும் கை நொடிக்கு 5 மீட்டர் விரைவில் செல்கின்றது எனக் கொள்வோம். நிழற்படத்திற்கு ஒளியேற்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காயின், அதற்குள் கை 5 மில்லிமீட்டரே நகரும். படம் தெளிவாக அமையும். நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் இயங்குபடத்திலோ, ஒவ்வொன்றும் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஒளியேற்பது பெருவழக்கு. அதற்குள் கை 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆதலின் அது கலங்கியே பதியும். அக்கலக்கம் இயங்குபடத்திற்குக் குறையன்று. அதுவே ஒரு படத்தை அடுத்த படத்தோடு இழைத்து, இயக்கத்தை வழுவழுப்பாகக் காட்டுகின்றது. ஒவ்வொரு படமும் கூர்மையாக இருந்தால், இயக்கம் துள்ளித் துள்ளிச் செல்வதுபோல் தோன்றும். எனவே, நிழற்படத்திற்கு நலமாவது இயங்குபடத்திற்குக் குறையாகின்றது. இயங்குபடத்திற்கு நலமாவது நிழற்படத்திற்குக் குறையாகின்றது. முரண்பட்ட இரண்டையும் ஒருங்கே பெறுவதற்காகவே, தொட்ட கணத்தில் ஒரு படத்தைப் பெரிதாகவும் கூர்மையாகவும் தனியே எடுத்து, அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றைக் குறைந்த புள்ளிகளால் ஆன இயங்குபடமாகச் செயலி சேர்த்து வைக்கின்றது.

இவ்வமைப்புக்கு ஏற்ற பெயர் ஒன்று நம் இலக்கணத்தில் உண்டு. ‘ஓடியவனைக் கண்டேன்’ என்னும் தொடரில் உள்ள ‘ஓடியவனை’ என்பதை நோக்குக. அது வேற்றுமை உருபை ஏற்றலால் பெயர். இறந்தகாலம் காட்டலால் வினையின் தன்மையும் உடையது. இதனை வினையாலணையும் பெயர் என்பர். மூன்று நொடியைத் தன்னுள் அடக்கிய நிழற்படமும் அத்தகையதே. பார்க்கும்போது பெயராக நிற்கின்றது. விரலால் அழுத்தியவுடன் காலம் காட்டுகின்றது.

இதன் நன்மை வெளிப்படை. குழு நிழற்படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அருகிலுள்ள மற்றொரு கணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மறைந்த பாட்டியின் முகத்தோடு அவருடைய குரலில் ஒரு சொல்லும் படத்தில் எஞ்சியிருக்குமாயின், அக்குடும்பத்தார்க்கு அதனினும் சிறந்த செல்வம் வேறு யாது?

ஆயினும், இதனால் வரும் தீங்கையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். படம் எடுக்க ஒருவர் எதிரே நிற்கும்போது, பொத்தானைத் தொடும் கணத்திற்கே அவர் தம்மை ஆயத்தம் செய்துகொள்கின்றார். அதன் முன்னும் பின்னும் தாம் பேசிய சொல்லும், ஆடை திருத்திய நிலையும், துடைத்த கண்ணீரும் பதிவாகின்றன என்பதை அவர் அறியார். அவர் இசைந்தது நிழற்படத்திற்கு. பதிந்ததோ மூன்று நொடி வாழ்வு. பிக்சல் போன்ற செல்பேசிகளில் இயங்குபடம் நிழற்படக் கோப்பின் உள்ளேயே இறுதியில் சேர்த்து வைக்கப்படுகின்றது. படம் ஒன்றையே அனுப்புகின்றோம் என்று எண்ணி அனுப்புபவர், அருகில் நின்றோர் தமக்குள் பேசிய பேச்சையும் உடன் அனுப்பிவிடக்கூடும். ஒருவர் நம்பிச் சொன்ன சொல் ஊரார் செவிக்குச் சென்றபின் அதனைத் திரும்பப் பெற இயலுமோ? ஆதலின், பிறரைப் படம் எடுக்கும்போது இவ்வசதி இயங்குகின்றதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். இயங்குமாயின் அவர்க்கு அதனைச் சொல்லுதல் வேண்டும். அனுப்பும்போது, இயக்கமும் ஒலியும் வேண்டாதவிடத்து அவற்றை நீக்கி, நிழற்படத்தை மட்டும் அனுப்புதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. எந்தக் கணத்தைக் காப்பது என முன்னரே தெரிந்தெடுக்க வேண்டிய கடமையிலிருந்து இக்கருவி நம்மை விடுவிக்கின்றது. விடுவித்தது எடுக்கும் நேரத்திற்கு மட்டுமே. கடமை பின்னுக்குத் தள்ளப்பட்டதே அன்றி நீங்கிவிடவில்லை. எடுத்தவற்றைப் பார்த்து, வேண்டுவன வைத்து, வேண்டாதன கழிப்பார் இலராயின், ஆயிரம் படங்களுக்கு இடையே அரிய படம் ஒன்று புதைந்து போகும். களையெடாத வயலில் பயிர் மறைவது போன்றது அது.

நின்றதை மட்டும் கண்ட காமிரா, நடப்பதையும் காணக் கற்றது. இன்று, தொடுவதற்கு முன் நடந்ததையும் காக்கக் கற்றிருக்கின்றது. எனினும், எதனைக் காப்பது, எதனைக் கழிப்பது, எதனைப் பிறர்க்குக் காட்டாது விடுவது என்பனவற்றை அது அறியாது. அவ்வறிவு கருவியைக் கையில் ஏந்தியவரிடமே இருத்தல் வேண்டும்.